பேட்டரி ஐயா வருகிறார், வழிவிடுங்கள்

மலாக்காவின் தோட்ட நிலம் பயிர் மாற்றிக்கொள்வதில் படு கெட்டி. முதலில் மரவள்ளி. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். சில ஆண்டுகளில் புக்கிட் அசஹானும் பால்மரக் காடானது. பால் விலை விழுந்தது, செம்பனை வந்தது. செம்பனைக்கு நடுவே நல்ல சாலை வந்தது, தாமான் வீடுகள் முளைத்தன. அப்புறம் சூரிய ஒளித் தகடுகள். இப்போது அடுத்த பயிருக்கு நாற்று தயார்: பேட்டரி. இதற்கு உரம் போட வேண்டாம், களை எடுக்க வேண்டாம், விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் கூப்பிட வேண்டாம். ஆளே வேண்டாம் என்பதுதான் இந்தப் பயிரின் தலையாய சிறப்பு. ஒவ்வொரு முறை பயிர் மாறியபோதும் நிலத்தில் இருந்த ஆட்களைக் கேட்காமல் மாற்றிப் பழகியவர்களுக்கு, ஆளே தேவைப்படாத பயிர் கிடைத்தால் கசக்குமா?

பேட்டரி வீண் ஆடம்பரம் என்று சொல்ல வரவில்லை. 2023இல் அரசாங்கம் வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டம், 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வழிகளுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொல்கிறது. தீபகற்பத்தில் அதற்குப் பெரிதும் கைகொடுக்க வேண்டியது வெயில். நண்பகலில் வெயில் கொளுத்தும்போது வீட்டில் ஆள் இல்லை. இரவு எட்டு மணிக்கு விசிறி சுற்றி, சோறு வெந்து, பிள்ளை பாடம் படிக்கும்போது வெயில் இல்லை. பகல் மின்சாரத்தைப் பிடித்து வைத்து இரவில் விட, கப்பல் கொள்கலன் அளவுப் பெட்டிகள் வரிசை வரிசையாக வேண்டும். அதற்காகத்தான் எரிசக்தி ஆணையம் ‘மைபெஸ்ட்’ என்ற பெயரில் தீபகற்பத்துக்கு ஏலம் விட்டது. மொத்தம் 400 மெகாவாட், நான்கு மணி நேரம் தாங்கும், அதாவது 1,600 மெகாவாட்-மணி. சரவாக்கில் செஜிங்காட்டிலும், சபாவில் லகாட் டத்துவிலும் பெட்டிகள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டன. பெரிய துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில், சமதரையாக, லாரி போகும் சாலையோடு, கேள்வி கேட்க ஆள் இல்லாத சில ஏக்கர் நிலம் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் தேடினால், அவர் விரல் வரைபடத்தில் தோட்டத்தின் மேல்தான் போய் நிற்கும்.

பேட்டரி மேல் நமக்குப் பகை இல்லை. அதற்குக் கிடைக்கப்போகும் மரியாதை மேல்தான் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

ஐயா எப்படிக் குடிவருவார் என்று பாருங்கள். லித்தியம் உடம்பு, சூடு ஆகாது. 25 பாகையை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். அதனால் பெட்டிக்குப் பெட்டி குளிரூட்டி, உள்ளே குளிர்நீர் ஓடும் குழாய்கள். காய்ச்சல் ஏறுகிறதா என்று பார்க்க இராப்பகலாக உடம்போடு ஒட்டிய வெப்பமானிகள். புகையை மோப்பம் பிடிக்க ஒரு கருவி, வாயு கசிந்தால் அலற இன்னொரு கருவி. சுற்றிலும் வேலி, கேமரா, காவல். பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் எல்லைக் கோட்டிலிருந்தும் 10 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது, உலகமெங்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எடுத்துக்காட்டும் அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தர விதி 855. உடைந்தால் மாற்றித்தர உத்தரவாதம். உழைத்துத் தேய்ந்த பிறகு எங்கே கொண்டுபோவது, யார் செலவில் என்பதையும் நல்ல ஒப்பந்தம் முன்கூட்டியே எழுதிவிடும்.

லயத்தில் இருந்தவருக்கு என்ன எழுதினார்கள்? சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. ஒரு வீட்டில் அடுப்பு புகைந்தால் நாலாவது வீட்டில் இருமல். பல தோட்டங்களில் மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் உறுமும், பத்து மணிக்கு அடங்கும். அதற்குப் பிறகு படிக்க நினைத்த பிள்ளைக்கு மண்ணெண்ணெய் விளக்கு. குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966இல் ஒரு சட்டம், அது போதவில்லை என்று 1990இல் 446ஆம் சட்டம். இரண்டு சட்டத்துக்குப் பிறகும் கூரை ஒழுகினால் கிராணியிடம்தான் போய் நிற்க வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு எங்கே போவது, யார் செலவில் என்பதற்கு மட்டும் ஒரே வரியில் பதில் இருந்தது: வீட்டைக் காலி செய். நாற்பது ஆண்டு மரம் சீவிய மனிதருக்கு இல்லாத ஓய்வுக்காலத் திட்டம், பத்துப் பதினைந்து ஆண்டு உழைக்கப்போகும் பெட்டிக்கு இருக்கிறது.

போகட்டும். ‘ஐயா வரலாமா’ என்று அண்டை அயலைக் கேட்பார்களா? கேட்பார்கள், சட்டம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், 21ஆம் பிரிவு. உள்ளூர்த் திட்டம் அமலில் இல்லாத இடத்தில் ஒருவர் திட்ட அனுமதி கேட்டால், அண்டை நிலத்தின் உரிமையாளர்களுக்கு ஊராட்சி மன்றம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல 21 நாள். அண்டை நிலம் எது என்பதையும் சட்டம் அளந்து வைத்திருக்கிறது. ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேல் போகாத சாலையோ வடிகாலோ குறுக்கே கிடந்தால் அதற்கு அந்தப் பக்கத்து நிலம், வழி முட்டுச்சந்தாக இருந்தால் 200 மீட்டருக்குள் அதே வழியைப் பயன்படுத்துபவரின் நிலம். மீட்டர் கணக்கில் குறை சொல்ல முடியாது. குறை எல்லாம் உரிமையாளர் கணக்கில். அங்கே குடியிருப்பவரைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை.

தோட்டத்தில் இது எப்படி நடக்கும் என்று கற்பனை செய்வது கடினமல்ல. கம்பெனி தன் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரு மூலையை மின்சார நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுகிறது. மூலைக்கு வடக்கே யார் நிலம்? கம்பெனி நிலம். தெற்கே? கம்பெனி. கிழக்கே? கம்பெனி. மேற்கே ஆறு, அது அரசாங்கத்துடையது. மன்றம் கடமை தவறாது; கம்பெனிக்குக் கடிதம் போடும்: ‘உங்கள் நிலத்தை ஒட்டிப் பேட்டரி வரப்போகிறது, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ கம்பெனி குத்தகைப் பணத்தை ஒரு தரம் எண்ணிப் பார்த்து, ஆழ்ந்து சிந்தித்து, ஆட்சேபம் இல்லை என்று எழுதும். அண்டை அயலார் அனைவரும் ஒருமனதாகச் சம்மதித்ததாகக் கோப்பில் ஏறும். இவ்வளவு ஒற்றுமையான மக்களாட்சியை வேறு எங்கே பார்க்க முடியும்?

லயத்தில் இருப்பவருக்குக் கடிதம் வராது. மாரியம்மனுக்கும் வராது, கோயில் நிற்கும் மண் கம்பெனி பெயரில் கிடக்கும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும் வராது. பல பள்ளிகள் நிற்பது தோட்ட நிலத்தில், அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் அவற்றைப் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே வைத்திருந்தார்கள். இன்று பல லயங்களில் நம்மவரைவிட வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும்தான் அதிகம். அவர்களுக்கும் வராது. அந்த வகையில் அவர்கள் நமக்கு நேர் வாரிசு; நூறு ஆண்டு நாம் கட்டிக்காத்த சொத்தான ‘கேட்க வேண்டாதவன்’ என்ற பட்டத்தை அப்படியே ஒப்படைத்துவிட்டோம்.

உள்ளூர்த் திட்டம் அமலில் இருக்கும் ஊர் என்றால் இந்தக் கடிதத் தொல்லையும் இல்லை. வரைவைக் காட்சிக்கு வைத்தபோதே நீங்கள் வாய் திறந்திருக்க வேண்டும். காட்சி நடந்தது மன்றக் கட்டடத்தில், வேலை நாளில், வேலை நேரத்தில், பல வண்ண வரைபடத்தில். காலையில் குலை வெட்டப் போனவர் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலோர் காஜாவுக்கோ ஜாசினுக்கோ பஸ் ஏறிப்போய் அந்த வரைபடத்தைப் பார்க்கவில்லை. ஆகவே அவருக்குப் பொதுநலனில் அக்கறை இல்லை.

பார்த்திருந்தாலும் அவர் வீடு அவருக்கு அகப்பட்டிருக்காது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் நிலத்துக்கு மூன்று வகைதான்: விவசாயம், கட்டடம், தொழில். தோட்டம் விவசாயம். வரைபடத்தில் ஒரே பச்சை. லயம் என்பது அந்தச் சட்டத்தின் கண்ணில் விவசாயத்துக்குத் துணையாகக் கட்டிக்கொள்ள அனுமதித்த கட்டடம். உரக் கிடங்கு மாதிரி, சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். அந்தப் பச்சையின் ஒரு மூலை நாளை ‘தொழில்’ என்று நிறம் மாறினால், துணைக்கு நின்ற கட்டடத்துக்கு என்ன வேலை? சுற்றுச்சூழல் அறிக்கையிலாவது தட்டுப்படுவோமா என்றால், எந்தெந்த வேலைக்கு அறிக்கை கட்டாயம் என்று 2015இல் ஒரு நீண்ட பட்டியல் போட்டார்கள். நிலக்கரி உண்டு, எரிவாயு உண்டு, அணைக்கட்டு உண்டு. பேட்டரி அப்போது பொம்மைக் காருக்குள் இருந்தது.

நம் சார்பில் பேச மன்ற உறுப்பினர் இருக்கிறாரே என்பீர்கள். வெள்ளைக்காரன் கொடி பறந்த 1951இலேயே ஜார்ஜ்டவுனில் நகராட்சிக்கு வாக்களித்த நாடு இது. சுதந்திரம் வந்தது, 1965இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள், 1976இல் 171ஆம் சட்டத்தோடு அடக்கம் செய்தார்கள். மலாக்கா மாநகர், ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் என்று நான்கு மன்றங்கள், ஒன்றிலும் நாம் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லை. மாநில அரசு நியமிக்கும். உள்ளாட்சியில் நீண்ட அனுபவம் உள்ளவர், அல்லது ஒரு துறையிலோ வணிகத்திலோ தொழிலிலோ சிறந்து விளங்கியவர், அல்லது தம் சமூகத்தின் நலனைப் பேசத் தகுந்தவர் என்று சட்டம் இலக்கணம் சொல்கிறது. இருட்டில் எழுந்து நானூறு ஐந்நூறு மரம் சீவியது தொழிலில் சிறந்து விளங்கியதாக இதுவரை எந்த மாநில அரசும் எண்ணியதாகத் தெரியவில்லை. கட்சிக் கணக்கில் நம்மவர் ஒருவர் உள்ளே இருப்பார், அவரைத் திட்டாதீர்கள். நியமித்தவர் முகத்தைப் பார்த்துக் கை தூக்க வேண்டிய இடத்தில் எந்தக் கைக்கும் எலும்பு இருக்காது.

சட்டமன்றத்துக்கு என்றால் நாம் வாக்குப் போடுகிறோம். அதன் பலன் திறப்பு விழாவில் தெரியும். ஒய்.பி. வருவார், பொன்னாடை உண்டு, மேளம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் வெயிலில் நின்று கொடியசைத்துப் பிறகு பரதம் ஆடுவார்கள். நிறுவனம் பள்ளிக்கு இரண்டு கணினியும் கோயிலுக்கு ஓர் அட்டைக் காசோலையும் கொடுக்கும். அட்டை பெரிதாக இருக்கும். தொகை சிறிதாக இருக்கும். ‘இந்தியச் சமுதாயம் பசுமை யுகத்தில் பின்தங்கிவிடக் கூடாது’ என்று ஒய்.பி. முழங்கும்போது, அதே சமுதாயம் வேலிக்கு வெளியே பின்தங்கி நின்றபடி கைதட்டும்.

திட்டம் போடுவதில் மலாக்காவுக்குப் பயிற்சி போதாது என்று யாரும் சொல்ல முடியாது. 2020க்குள் பசுமைத் தொழில்நுட்ப நகர மாநிலம் என்று அறிவித்துக்கொண்ட மாநிலம் இது. அதே மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் 2022 முதல் 2,242 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஓடுகிறது; நாட்டிலேயே பெரியது. கடலைத் தூர்த்துத் தீவு எழுப்பி மலாக்கா கேட்வே கட்டப்போவதாக 2014இல் தொடக்க விழா நடந்தது; மதிப்பு பல்லாயிரம் கோடி வெள்ளி என்றார்கள்; 2020 நவம்பரில் மாநில அரசே ஒப்பந்தத்தை முறித்தது. போர்த்துகீசியக் குடியேற்றப் பகுதியின் மீனவர்கள் தங்கள் கடல் பாழாகிறது என்று கத்தியபோது காது கொடுக்க ஆள் இல்லை. இல்லாத தீவுக்கு அனுமதி கொடுக்க முடிந்த மாநிலத்தில், இருக்கிற மனிதரின் பெயரைக் கோப்பில் எழுத மட்டும் மை தீர்ந்துவிடுகிறது.

இனி ஐயாவின் கோபம். சாதாரணமாக அவர் சாது. ஒரு செல் சூடேறி அடுத்த செல்லைச் சூடேற்றத் தொடங்கினால் நிலைமை வேறு. தண்ணீர் அடித்தால் சட்டென்று அணையாது. எரிய விட்டு, அக்கம்பக்கப் பெட்டிகளைக் குளிர்விப்பதே பல நேரம் தீயணைப்பு வீரர்களால் முடிவது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் பேட்டரிக் கூடத்தின் கதவைத் திறந்த தீயணைப்பு வீரர்கள் வெடிப்பில் தூக்கி எறியப்பட்டார்கள். 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வீடுகளைவிட்டு வெளியேறச் சொன்னார்கள், நெடுஞ்சாலையையே மூடினார்கள்.

நிபுணர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். மாஸ் லேண்டிங்கில் எரிந்தது பழைய ரசாயனம், எல்லாவற்றையும் ஒரே கட்டடத்துக்குள் அடைத்திருந்தார்கள். இப்போது வருவது இரும்புப் பாஸ்பேட் வகை, எளிதில் தீப்பற்றாது, பெட்டிக்குப் பெட்டி இடைவெளி விட்டுத் திறந்த வெளியில் வைக்கிறோம், விபத்து விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அத்தனையும் உண்மை. நல்ல பதில். இவ்வளவு நல்ல பதிலைத் தோட்டத்து மண்டபத்துக்கு வந்து தமிழில் சொல்வதில் என்ன கஷ்டம்? கலிபோர்னியாவில் ‘வெளியேறுங்கள்’ என்று சொல்ல அரசாங்கத்துக்கு அங்கே வசிப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அனுமதி கேட்கும் நாளில் நாம் இல்லை என்று எழுதியவர்கள், தீப்பிடித்த இரவில் யாரை எண்ணி வெளியேற்றுவார்கள்?

நீதிமன்றம் போகலாமே என்று படித்தவர்கள் சொல்வார்கள். கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் போனார்கள். ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்டக் கொடுத்த அனுமதியை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் செல்லாது என்றது. வழக்குத் தொடுக்க அவர்களுக்குத் தகுதி உண்டு என்றது. அனுமதி கொடுத்த மேயரே, நிலத்தை வைத்திருந்த அறவாரியத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்ததைக் குற்றமாகக் கண்டது. மகிழ்ச்சி. ஆனால் அந்த வழக்கில் இன்னொரு தரப்பும் இருந்தது. பழைய புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடும்பங்கள். தோட்டம் போன பிறகு, 1980களின் தொடக்கத்தில், தற்காலிகம் என்று சொல்லி நீண்டவீடுகளில் குடிவைக்கப்பட்டவர்கள். பூங்காவில் கோபுரம் எழுப்பச் சொன்ன நியாயங்களில் ஒன்று அவர்களுக்கு வீடு தர வேண்டும் என்பது. நாற்பது ஆண்டு கண்ணில் படாதவர்கள், ஆடம்பர அடுக்குமாடிக்குத் தருமக் கணக்கு எழுத வேண்டிய நாளில் மட்டும் பளிச்சென்று தெரிந்தார்கள். தோட்டத்தானின் பெயர் கோப்பில் ஏறுவதற்கு ஒரு வழி உண்டு என்பது இதிலிருந்து நமக்குப் புரிகிறது: யாருடைய லாபத்துக்காவது அவன் வறுமை பயன்பட வேண்டும்.

சட்டம் நம்மைக் கவனிக்கவே கவனிக்காது என்றும் சொல்ல முடியாது. கவனிக்கும், காரியம் முடிந்த பிறகு. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போய் மக்கள் சாலையோரம் ஒதுங்கினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் உங்கு அஜீஸ் அதை ஆராய்ந்து எச்சரித்தார். மாதம் பத்து வெள்ளி கட்டச் சொல்லி 1960இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடல் அடித்து ஓய்ந்த பிறகு, தோட்டத்தைத் துண்டு போட அதற்கென ஒரு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு வந்து சேர்ந்தது. 1967இல் புக்கிட் அசஹான் தொழிலாளர்கள் தங்கள் குறையைச் சொல்லக் கோலாலம்பூர் நோக்கி நடந்தே போனார்கள். மலாக்கா மண்ணில் கிரான், அதாவது நிலப்பட்டா, இல்லாதவர்களுக்கு ஆட்சேபம் தெரிவிக்க இருந்த ஒரே திட்ட அனுமதிப் படிவம் அவர்களுடைய கால்தான்.

இந்த முறை காரியம் முடிவதற்கு முன்பே பேசிவிடலாம். தெபோங்கிலோ காடெக்கிலோ ரெம்பியாவிலோ மெர்லிமாவிலோ, உங்கள் தோட்டத்துப் பக்கத்தில் நில அளவைக்காரர்கள் முக்காலியை ஊன்றிய அன்றே, மன்றத் தலைவருக்கு இப்படி எழுதுங்கள்:

‘ஐயா, நாங்கள் அண்டை நிலத்தின் உரிமையாளர்கள் அல்லர். பேட்டரிக்கும் எங்கள் சமையலறைக்கும் இடையில் இருப்பது இத்தனை மீட்டர். இந்த வீடுகளில் இருப்பது இத்தனை பேர், அதில் குழந்தைகள் இத்தனை, முதியவர்கள் இத்தனை. அனுமதிக்கு நிபந்தனை போட 172ஆம் சட்டத்தின் 22ஆம் பிரிவு உங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆகவே, விளக்கக் கூட்டத்தை எங்கள் மண்டபத்தில், வேலை முடிந்த மாலையில், எங்களுக்குப் புரியும் மொழிகளில் நடத்துங்கள். தீயணைப்புத் துறை ஒப்புக்கொண்ட வெளியேற்றத் திட்டத்தைக் காட்டுங்கள்: மணி அடிப்பது யார், போவது எந்த வழி, ஏற்றிச் செல்வது எந்த வண்டி. இந்த நிலம் விவசாயத்திலிருந்து தொழிலுக்கு மாறும் அதே நாளில், இதில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வீடும் கிரானும் கிடைக்க வேண்டும் என்பதை நிபந்தனையில் சேருங்கள். பேட்டரிக்குச் செய்துதரும் வசதியில் பாதி எங்களுக்குப் போதும். குளிரூட்டி கேட்கவில்லை.’

வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போடுங்கள். வங்காளதேசத்துத் தம்பிகளையும் போடச் சொல்லுங்கள். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். முகப்பில் இருப்பவர், இதில் ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லக்கூடும். சட்டம் படித்தவர், கோபிக்காதீர்கள். வாங்க மறுப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டார், கடிதத்தை வாங்கிக்கொள்வார். காகிதத்தை மட்டுமே மதிக்கும் இடத்துக்கு நாம் காகிதத்தோடுதான் போக வேண்டும். நகலில் ‘தெரிமா’, அதாவது பெற்றுக்கொண்டோம் என்ற முத்திரை விழாமல் அந்தப் படியிறங்கி வராதீர்கள்.